இழுத்துப் பார்த்தல்

வீட்டுக்காரர்களின் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கதவு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆள் வெளியேறியதும் தானே பூட்டிக்கொண்டு, "பூட்டியாச்சு" என்று சொல்லும். அப்படியும் அருமைநாயகம் கைப்பிடியை வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.

"அதான் சொல்லுதுல்ல, இன்னும் என்னங்க சந்தேகம்?" என்று மனைவி ரெஜினா சிரிப்பாள்.

"சொல்லட்டும். பூட்டுனது நான் இல்லையே."

நேற்று மாலை இருவரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை; ஆனாலும் கதவு தானே பூட்டிக்கொண்டு, "பூட்டியாச்சு" என்றது. பிறகு, வெளியே யாருமில்லாமலே, அதன் கைப்பிடி வெடுக் வெடுக்கென்று இழுபட்டது.

ரெஜினா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏங்க, நாம உள்ளதான இருக்கோம். அது யாரை நம்பாம இழுத்துப் பாக்குது?"

அருமைநாயகம் எழுந்துபோய், முதல்முறையாக உட்பக்கத்துக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.