ஆற்றுக்கு அந்தப் பக்கம்

“ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் வீடு வேணும் சார்,” என்றான் எங்களோடு ரூமில் தங்கியிருக்கும் டெய்லர்.

“அவ்வளவு தூரமா?” என்றார் புரோக்கர்.

“போன மாசம் செத்துப்போன எங்க ரூம்மேட்டுக்கு அங்க வழி தெரியாது. இவன் காலையில மூணு டம்ளர்ல டீ ஊத்தி வச்சா, நாலாவதா ஒண்ணு வந்து நிக்குது!” டெய்லர் என்னைக் காட்டினான்.

எங்கள் இன்னொரு ரூம்மேட்டான டிரைவரும் தலையாட்டினான்.

குடிபோன மறுநாள் காலை, கண்ணைக் கசக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இருவரும் ஆளுக்கொரு டம்ளரோடு நின்றார்கள். எனக்கென்று மேடையில் ஒன்று சூடாக இருந்தது.

“நீ போட்ட மூணு டம்ளர் மூணாவே இருக்குடா! அவனுக்கு வழி தெரியல!” டெய்லர் என்னைக் கட்டிக்கொண்டான்.

பழைய வீட்டில் பழக்கதோஷத்தில் நாலாவது டம்ளரையும் நிரப்பியது நான்தான். இவர்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இன்று நான் எழுந்ததே இப்போதுதான்.