வடக்கேயிருந்து வந்த வம்சம்

"என் ரத்தம் என்ன ரத்தம்னு தெரியுமாடா உனக்கு?"

லாட்ஜ் முதலாளி வேதமூர்த்தி போட்ட சத்தம் செங்கம் ரோடு வரைக்கும் கேட்டது. அவர் மகள் நளினியைப் பெண் கேட்டு வந்த வளவன் வாசலிலேயே நின்றான். கலெக்டர் ஆபீஸில் கிளார்க். பக்கத்தில், அதே லாட்ஜில் கக்கூஸ் கழுவும் அவன் அப்பா காசி.

"எந்த ஜனம் எங்கேருந்து வந்துச்சுன்னு சோதிக்க, ஒரு வெள்ளைக்காரன் நம்ம லாட்ஜ்ல தங்கி ஊர்பூரா எச்சில் வாங்கினான் இல்ல? சொல்லிட்டான். குதிரையும் சமஸ்கிருதமுமா வடக்கேருந்து வந்தவங்க வம்சம்டா இது!"

அந்தச் சேதி வந்த நாளிலிருந்து அவர் இட்லியை விட்டுச் சப்பாத்திக்கு மாறியிருந்தார். கூர்க்காவைக்கூடச் சொந்தக்காரனைப் போல இந்தியில் நலம் விசாரித்தார்.

"இந்த வம்சத்துப் பையன் வந்து கேட்டா ஜாதகம்கூடப் பாக்காம குடுப்பேன். நீ யாருடா?"

காசி முன்னால் வந்தார்.

"அய்யா, பேச்சு மாற மாட்டீங்களே?"

"எங்க வம்சத்துல அந்தப் பழக்கமே இல்ல."

"அப்ப நாள் பாருங்க. அந்த வெள்ளைக்காரன் எச்சில் குப்பியை நீட்டினப்ப, 'கண்டவன் கையில என் எச்சிலைக் குடுக்கறதா? தீட்டு! என் பேருல நீ துப்பிக் குடுடா'ன்னு என்கிட்டதானே தள்ளினீங்க?"

காசி துண்டை உதறித் தோளில் போட்டார். "உங்க வம்சம் எதுன்னே தெரியாம பொண்ணு எடுக்கறோம். எங்க ஜனங்க என்ன சொல்லுவாங்களோ, அதான் யோசனையா இருக்குது."