வடிகட்டிய சூப்

“இதுக்குப் பேரு சூப்பா? இதை வெச்சுச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம்!”

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்ததுமே யாரெமா ஆரம்பித்துவிட்டான். சக்கர நாற்காலியை நடைவழியில் குறுக்கே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்த்தான். நாற்காலிக் கம்பியில் ஒரு மருந்துப் பை தொங்கியது, அதன் குழாய் அவன் கைக்குப் போனது. இந்த ராணுவ ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். போரில் அடிபட்டவன்தான், இரக்கம் வரணும். வரவில்லை.

என் வீட்டுக்காரர் மிரோனுக்குத் தாடையில் குண்டடி. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சிக் குடிக்கத்தான் முடியும். யாருக்கு என்ன சாப்பாடு என்று டாக்டர் எழுதும் சீட்டு, மிரோன் முன்பு இருந்த ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. சீட்டு இல்லாததால் எல்லாருக்கும் வருகிற கட்லெட்டும் ரொட்டியும்தான் அவருக்கும் வந்தது. மூன்று நாளாக வெறும் டீத்தண்ணி.

நான் தங்கியிருப்பது சர்ச்சுக்காரர்கள் கொடுத்த கட்டிலில். அங்கே அடுப்பு கிடையாது. டாக்டர் அறை வாசல்வரை நாலு தடவை போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், திரும்பி வந்தேன். நாலு தடவையும் யாரெமா நடைவழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பேச வாய் வரவில்லை.

இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது!

“தம்பி, வழிய விடு. ஆறிப் போகுது,” என்றாள் வண்டி தள்ளும் பரஸ்கா அக்கா.

“விட மாட்டேன். இந்தப் போர்ஷ் பீட்ரூட் சூப்பை அரைச்சு, வடிகட்டிக் கொண்டாங்க. ஒரு திப்பி இருக்கக் கூடாது.”

“சீட்டு இல்லாம எப்படிடா? என் வேலை போயிடும்.”

“போனா போகட்டும்க்கா. பொன்னான கைன்னு நான் சர்ட்டிபிகேட் எழுதித் தரேன்.”

நடைவழியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். சிரிப்பிலும் களைப்புதான்.

“உனக்கு எதுக்குய்யா இந்த வம்பு? பேசாமப் போய்ப் படேன்.”

அவன் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வண்டி நகரவில்லை. கடைசியில் அவளே சமையலறைக்குத் திரும்பிப் போனாள். கால் மணி நேரம் கழித்து, ஒரு குவளையைக் கொண்டுவந்து அவன் மடியில் டொக்கென்று வைத்தாள். செக்கச்செவேலென்று, தண்ணி மாதிரி, ஆவி பறக்கும் போர்ஷ்.

அதைப் பார்த்ததும் எனக்கு எப்படித்தான் குரல் வந்ததோ.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? உள்ள என் வீட்டுக்காரர் மூணு நாளா பட்டினி கெடக்கார்! நீங்க நாக்கு ருசிக்குச் சண்டை போடுறீங்களா?”

கத்திய கத்தலில் குழந்தை அழுதுவிட்டது.

யாரெமா கோபப்படவில்லை. “இந்தக் குரல இவ்வளவு நாளா எங்கேம்மா வெச்சிருந்தே? நாளைக்கு டாக்டர் ரூம்ல இப்படியே கத்து,” என்று குவளையை என் கையில் கொடுத்தான். “சூடு இருக்கும்போதே கொண்டு போ.”

மிரோன் ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக் குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்த தேன் கேக்கை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கலாம் என்று ஓடினேன். யாரெமா நாற்காலியிலேயே கண் அசந்திருந்தான்.

பரஸ்கா அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்தா, அவன்கிட்ட அதை நீட்டித் தொலைக்காதே. வயித்துல குண்டு பாஞ்சு குடலை வெட்டி எடுத்திருக்கு. அந்தப் பையிலேர்ந்து நரம்புல ஏறுறதுலதான் உசிர் ஓடுது. அவன் வாயில ஒரு கரண்டி சூப்பு பட்டு இருபத்திரண்டு நாளாச்சு.”