எட்டு மீட்டர் ஆழம்

“உங்க அம்மாவைத் தண்ணிக்குள்ள இறக்க மாட்டோம்னு எத்தனை கடையில சொன்னாங்க?” என்று கேட்டார் மியாரா.

“மூணு” என்றாள் மினோரி. “நாலாவதா நீங்களும் சொல்லிட்டா, நாளைக்கே நீகாத்தாவுக்குத் திரும்பிடுவோம். அங்க வாசல்ல பனி மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு, அள்ள ஆளில்ல.”

மியாரா சிரிக்கவில்லை. இஷிகாகித் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்களை முதல்முறையாக ஸ்கூபா முக்குளிக்க அழைத்துப்போவதுதான் முப்பது வருஷமாக அவர் பிழைப்பு. கையிலிருந்த உடல்நலப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ‘ஆம்’. ஆனால் ஒரு ‘ஆம்’ விழுந்தாலும் மருத்துவர் கடிதம் வேண்டும். மினோரி அதையும் வாங்கி வந்திருந்தாள். மற்ற மூன்று கடைக்காரர்களும் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

“கடிதத்துல குறை ஒண்ணுமில்ல. கீழ போனப்புறம் ஏதாவது ஆச்சுன்னா? அதான் யோசனையா இருக்கு.”

பெஞ்சில் உட்கார்ந்து பார்லி டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தொமொயேவுக்கு வயது அறுபத்திரண்டு. அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். ‘என்ன வேணும்?’ என்று மினோரி கேட்டபோது, ‘கடலுக்கு அடியில போகணும்’ என்ற ஒரே பதில்தான் வந்தது. வாழ்நாளில் அம்மா எதையும் கேட்டதில்லை. கேட்ட இந்த ஒன்றையாவது முடித்துத் தர வேண்டும் என்றுதான் மினோரி நாலாவது கடையும் ஏறியிருந்தாள்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னவாம் அவருக்கு?”

“யோசிக்கிறார்ம்மா.”

“அப்ப சரிதான். முடியாதுங்கிறவங்க முதல்ல பல்லைக் காட்டுவாங்க. இவர் இன்னும் காட்டலையே. கூட்டிட்டுப் போவார் பாரு.”

“என்ன சொல்றாங்க?” என்றார் மியாரா.

“உங்களுக்கு நல்ல முகமாம்.”

இப்போதுதான் அவர் சிரித்தார். “சரி, வாங்க. ஆனா நீங்க பக்கத்துலயே இருக்கணும்.”

பக்கத்தில் இருப்பது மினோரிக்குப் புதிதல்ல. அம்மா வெளியாட்களோடு பேசியதில்லை. வாடகை வீட்டுச் சொந்தக்காரர், வங்கி, பல் மருத்துவர் என்று எல்லோரிடமும் ஆறு வயதிலிருந்து அவளுக்காகப் பேசியவள் மினோரிதான். மகளிடம் மட்டும் அம்மா ஓயாமல் பேசுவாள். ரயிலில் அவள் பேச ஆரம்பித்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். பள்ளி நாட்களில் மினோரி வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா அந்த நொடியே நிறுத்திவிடுவாள். அப்படிச் சட்டென்று நிறுத்தியதுதான் மினோரியை இன்றுவரை குத்துகிறது.

படகின் இயந்திரம் காதைப் பிளந்தது. எதிரே ஒசாகாவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி, ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பார்த்துக் களைத்துப்போய் விட்டுவிட்டது. அம்மா மட்டும் நிறுத்தவில்லை.

“அந்தப் பொண்ணு முகம் வெளுத்துக்கிட்டே வருது. வாந்திதான்.”

“அம்மா, சும்மா இரேன்!”

“அவங்களுக்குத் தெரியவா போகுது?”

ஜோடி வைத்த கண் வாங்காமல் பார்த்தது. மினோரி இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

இறங்கும் முன் மியாரா, முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் ஊதி வெளியேற்றும் விதத்தைச் செய்துகாட்டிவிட்டு, மூன்று சைகைகள் சொல்லிக்கொடுத்தார். ‘நலம்.’ ‘ஏதோ சரியில்லை.’ ‘மேலே போகலாம்.’

“மூணே மூணா?” என்றாள் அம்மா. “பாவம்.”

எட்டு மீட்டர் ஆழத்தில் பவளப்பாறைகள் தெரிந்தன. அம்மாவின் காற்று சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தபடி மியாரா மினோரிக்குச் சற்று முன்னால் போனார். தேனிலவு ஜோடி இன்னொரு வழிகாட்டியோடு வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மினோரியின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகும்வரை.

மூக்கு எரிந்தது. வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. மியாரா திரும்பி, ‘நலமா?’ என்று சைகை காட்டினார். மறுபடி காட்டினார். அதற்குமேல் கேட்க அவரிடம் ஒன்றுமில்லை.

அம்மா அவர் பிடியிலிருந்து விலகி வந்து, மகளின் முகத்துக்கு நேராக நின்றாள்.

“என்னைப் பாரு. வேற எங்கயும் பார்க்காத.”

மினோரி பார்த்தாள்.

“கண்ணாடியோட மேல்விளிம்பை அமுக்கு. மூக்கால ஊது. ம், இன்னொரு தடவை. தண்ணி இறங்குதா? இப்ப மெதுவா மூச்சு விடு. அவசரமே இல்ல.”

தண்ணீர் வெளியேறியது. மூச்சு சீரானது.

“பின்னாடி ஒரு மீனு உன்னையே முறைக்குது. அப்படியே உன் மாமியார் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கிட்டு!”

மினோரி சிரித்த சிரிப்பு குமிழ்களாக மேலே போனது.

“நன்றிம்மா” என்றாள். ஆறு வயதிலிருந்து ஊருக்கெல்லாம் அம்மாவின் சார்பில் சொன்ன சொல். அம்மாவிடம் அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

“இதுக்கெல்லாமா? அங்க பாரு, ஆமை!”

முப்பது வருஷம் அந்தக் கடலில் இறங்கிய மியாராவும், தேனிலவு ஜோடியும், இன்னொரு வழிகாட்டியும் வாயில் குழாயோடு பேச்சற்று மிதந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, பிறந்ததிலிருந்தே காது கேளாத தொமொயேவின் இரண்டு கைகளும் கடலுக்கடியில் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தன.