பாய்மரத்திலிருந்து குதித்தவர்

மண்ணாங்கட்டி பாய்மரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார், அனைஸின் லேப்டாப்புக்குள்.

கன்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் மகள் சுடர்விழி மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாலை தொங்கும் படத்திலிருக்கும் அதே முகம், அதே முறுக்கு மீசை.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப் படம். கடல் கொள்ளைக்காரன் கதையாம். மொத்தமும் அழிந்துபோய், மிஞ்சியது இந்த ஒரு துண்டுதான். பழைய படங்களைத் தேடி அலையும் அனைஸ், நெல்லித்தோப்பில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இதை மீட்டு, குதிக்கும் ஆள் யாரென்று கேட்க இந்தக் கடலோரப் பிள்ளைச்சாவடிக்கே வந்துவிட்டாள்.

கேட்பானேன்? ஊருக்கே தெரிந்த கதை. கன்னியப்பனின் சின்னத் தாத்தா அவர். தாத்தாவுக்குப் பிறகு பிறந்ததெல்லாம் தங்காமல் போக, எமன் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று வைத்த பெயர் அது. கதாநாயகனுக்குப் பதிலாக உச்சியிலிருந்து குதித்தார். சொந்தபந்தமெல்லாம் கரையில் நின்று பார்த்தது. கப்பலுக்கு அந்தப் பக்கம் விழுந்தவர் திரும்பி வரவேயில்லை. மண்ணாங்கட்டி தண்ணீரில் கரைந்துவிட்டான் என்று கிண்டல் பேசிய வாய்களும் உண்டு.

அன்றோடு சரி. அந்த வீட்டு ஆள் எவரும் கடலில் கால் நனைப்பதில்லை. மாசி மகத்தன்று ஊரே கடலில் முங்கும்போது, இவர்கள் மட்டும் மணலில் படையல் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். செம்படவர் வீட்டில் பிறந்த கன்னியப்பன் ஐஸ் வண்டி ஓட்டிப் பிழைத்தார்.

சுடர்விழிக்கோ சென்னையில் கப்பல் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். முடியாது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கடலில் இறங்கியிருக்கிறாயா என்று அவர் கேட்டபோது, சுவரிலிருக்கும் அதே படத்தைத் தொட்டு இல்லையென்று சத்தியம் செய்திருந்தாள். விடிகாலையில் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால், கேட்பவர்களிடம் தலைக்குக் குளித்தேன் என்பாள். நல்லவேளை, அந்த நேரத்தில் அப்பா சர்க்கரைக்காக நடக்கப் போயிருப்பார்.

திரையில் மண்ணாங்கட்டி குதித்தார். தண்ணீர் மூடிக்கொண்டது. கன்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

படம் நிற்கவில்லை.

படம் பிடித்தவன் கப்பலின் மறுபக்கத்தில், ஒரு படகில் இருந்திருக்கிறான். கரைக்குத் தெரியாத பக்கம். அங்கே தண்ணீருக்கு மேலே ஒரு தலை வந்தது.

மனுஷர் கரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற இன்னொரு கப்பலை நோக்கி நிதானமாக நீந்தினார். மேலேயிருந்து யாரோ கயிறு போட்டார்கள். பிடித்து ஏறிவிட்டார். படம் பிடித்தவனும் இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அட, பாவி மனுஷா! சாகவே இல்லை. சைகோனுக்கோ, எந்தச் சீமைக்கோ, சொல்லாமல் கொள்ளாமல் ஓடியிருக்கிறார். இங்கே வருஷா வருஷம் படையல்.

சுடர்விழிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"கடல் நம்ம வீட்டு ஆளத் தின்னலப்பா."

 கன்னியப்பன், சின்னத் தாத்தா நீந்துவதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. எல்லோரையும் ஏமாற்றி ஓடிய அந்த மனுஷர்மேல் கோபமோ, கப்பல் படிப்புக் கேட்ட தன்மேல் கோபமோ என்று சுடர்விழி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் இப்படித்தான் தலைய எடப்பக்கம் சாச்சிக்கினு நீந்துற," என்றார் கடைசியில். "சீக்கிரம் மூச்சு வாங்குது பாரு. கப்பலுக்குப் போறதுக்குள்ள அத மாத்திக்கோ."