சக்கரம் இல்லாமல்

காட்டுச் சோதனைச்சாவடியில் தில்லைநாயகி மூன்றாவது முறையாக அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். மரத்திலிருந்து விழுந்து கால்கள் செயலிழக்கும்வரை, பதினெட்டு ஆண்டுகள் இந்தக் காட்டில் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் கணக்கெடுத்தவள் அவள்.

காவலர் மாசிலாமணி கடிதத்தைப் படித்தார். "அக்கா, நீங்க போலாமுங்க. வீல்சேர் போகக்கூடாதுங்க. சக்கரம் வெச்ச எதையும் விடக்கூடாதுன்னு ரூல்ஸ்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"மேல எழுதிப் போட்டேனுங்க. பதிலே வரல."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கைகளை ஊன்றி மண்ணில் இறங்கினாள். செருப்புகளைக் கழற்றிக் கைகளில் மாட்டிக்கொண்டு, தடுப்புக் கம்பிக்கு அடியில் நகர்ந்து உள்ளே போனாள்.

"அக்கா, கூடு இருக்கற மரத்துக்கு ரெண்டு கிலோமீட்டருங்க!"

அவள் திரும்பவில்லை. மாசிலாமணி ஓடிப்போய், அவளுக்கு முன்னால் பாதையில் கிடந்த முட்களைப் பொறுக்கத் தொடங்கினார்.