பூனைக்கு வைத்த தண்ணீர்

"சும்மா புளுகாதீங்க லா! சோபாவில இது சிகரெட் சுட்ட ஓட்டை இல்லாம..."

"நான் சிகரெட்டை விட்டு ரெண்டு வருஷமாச்சுடி! மாரியம்மா சத்தியமா..."

"ஆத்தாவை எதுக்கு இழுக்குறீங்க? வீட்டுல இருக்கிறது நாம ரெண்டே பேரு. பின்ன நானா பிடிச்சேன்?"

கோகிலன் பதில் சொல்வதற்குள் வசுமதியின் மூக்கில் கருகல் வாடை ஏறியது. திரும்பிப் பார்த்தாள். யாருமே உட்காராத சோபாவிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

ஜன்னல் விளிம்பில் ஒரு தண்ணீர் போத்தல். பூனை வராமலிருக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு வைப்பதுதான். காலை வெயில் அதற்குள் புகுந்து, சோபாவின் மேல் கண்கூசும் ஒரு பொட்டாய் விழுந்திருந்தது.

வசுமதி வெடுக்கென்று போத்தலை எடுத்தாள். பொட்டு மறைந்தது, புகையும் அடங்கியது.

"தண்ணி போய் நெருப்பு வைக்குமாங்க? நாலு மாசமா இங்கதானே வச்சிருக்கேன்!"

கோகிலன் சோபாவின் ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"வசு... போன மாசம் இதே மாதிரி ஒரு ஓட்டைக்குத்தானே, 'நான் பிடிக்கலம்மா'ன்னு எங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டும் நம்பாம, ஈப்போ முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டோம்?"